பொங்கலுக்கு முன்னால் பேசிவிடுங்கள்

வாசகி கேள்வி: எனக்கு வயது 61. பெரம்பூரில் பேப்பர் மில்ஸ் ரோட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சொந்த வீடு, எங்கள் இரண்டு பேர் பேரிலும் இருக்கிறது. வீட்டுக்காரர் இங்கே ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் சோழிங்கநல்லூரில், மகள் கோயம்புத்தூரில். வருஷா வருஷம் பொங்கலுக்கு எல்லாரும் எங்கள் வீட்டில்தான் கூடுவோம். மகள் இந்த வருஷமும் சென்னைக்கு டிக்கெட் போட்டுவிட்டாள்.

இப்போது இவர் திடீரென்று, பொங்கல் வந்தவாசி பக்கம் அவருடைய ஊரில்தான் என்கிறார். அங்கே பங்காளிகள் எல்லாரையும் வைத்துக்கொண்டு, இனிமேல் ஊரோடு வந்துவிடப் போகிறோம், பெரம்பூர் வீட்டை லீசுக்கு விட்டு அந்தப் பணத்தில் ஊர் வீட்டை எடுத்துக் கட்டப்போகிறோம் என்று சொல்லிவிடப் போகிறாராம். "இந்த இரைச்சலில் இனி என்னால் இருக்க முடியாது" என்கிறார். ஹாரன் சத்தத்துக்குச் சிடுசிடுக்கிறார். பேரப்பிள்ளைகள் விளையாடினால்கூடக் கத்துகிறார். டிவியை மட்டும் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைக்கிறார்.

எனக்குச் சர்க்கரை, முட்டிவலி. இங்கே மார்க்கெட், ஆஸ்பத்திரி, கோயில் எல்லாம் நடந்து போகிற தூரம். 29சி பிடித்தால் அடையாற்றில் அக்கா வீடு. "நிம்மதியா இருக்கலாம்னு கூப்பிட்டா, உனக்கு வசதிதான் பெரிசா?" என்று கேட்கிறார். "அப்பா ஆசைப்படுறார், போய்த்தான் பாருங்களேம்மா. வீட்டை என் பேருக்கு எழுதிக் குடுத்துட்டா நான் பார்த்துக்கறேன்" என்கிறான் மகன். நான் சுயநலமாக நினைக்கிறேனா? நல்ல நாளில் சண்டை எதற்கு என்று வாயை மூடிக்கொண்டு கிளம்பிவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர்

குடும்பநல ஆலோசகர் பதில்:

அன்புச் சகோதரி,

வாயை மூடிக்கொண்டு மட்டும் கிளம்பாதீர்கள். ஊருக்குப் போவதா வேண்டாமா என்பதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யலாம். ஆனால் மனசில் "மாட்டேன்" என்று வைத்துக்கொண்டு முகத்தில் சிரிப்போடு போய் நின்றீர்களானால், அந்தப் பேச்சு என்றைக்காவது ஒருநாள் வேறு ரூபத்தில் வெடிக்கும். அப்போது திரும்பி வர வீடு இருக்காது.

சுயநலமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். சொகுசு என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டாவது நீங்களே போய்க் கீரை வாங்குகிறீர்கள். மாத்திரை தீர்ந்தால் யாரையும் ஏவாமல் வாங்கிக்கொள்கிறீர்கள். மனசு பாரமாக இருந்தால் பஸ் ஏறி அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறீர்கள். இந்த வயதில் ஒரு பெண் யார் தயவும் இல்லாமல் தன் பொழுதைத் தானே ஓட்டிக்கொள்வது சாதாரண விஷயமில்லை. "வசதிதான் பெரிசா?" என்று அவர் கேட்கும்போது இதையெல்லாம் விட்டுவிட்டு வா என்று கேட்கிறார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

இந்தப் பிரச்சினையோடு என்னிடம் வருகிற பெரும்பாலான தம்பதிகளிடம் நான் பார்ப்பது ஒன்றுதான். ஊர் அவருக்குப் பிறந்த ஊர். அங்கே அவரை "டேய்" என்று கூப்பிடுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏரிக்கரை, கழனி, கூடப் படித்தவர்கள், அண்ணன் தம்பி எல்லாம் அங்கே. ஆனால் உங்களுக்கு அது வாழ்க்கைப்பட்ட ஊர். அவர் திரும்பிப் போகிறார்; நீங்கள் அறுபது வயதுக்கு மேல் மறுபடியும் மருமகளாகப் போகிறீர்கள். தலைவாசலில் உட்கார்ந்தால் யார் பார்ப்பார்கள், பகலில் கொஞ்சம் படுத்தால் யார் என்ன சொல்வார்கள், நைட்டியோடு தெருவுக்கு வரலாமா என்று யோசிக்கிற வாழ்க்கை. அவருடைய நிம்மதிக்கு நடுவில் உங்களுக்குக் கிடைக்கப்போவது என்ன என்று அவர் யோசித்ததே இல்லை என்றால், அதற்கு அவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. யாரும் அவரைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். இனி நீங்கள் கேட்க வேண்டும்.

அதற்கு முன்னால் அவர் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பெரம்பூரில் வீட்டைவிட்டு வெளியே கால் வைத்தால் மெட்ரோ வேலைக்கு அடைத்துவைத்த ரோடு, அதற்குள் ஆட்டோவும் ஷேர் ஆட்டோவும் தண்ணி லாரியும். மழை வந்தால் கணேசபுரம் சுரங்கப்பாதை மூடிக்கிடக்கும். காற்று திரும்பினால் கொடுங்கையூர் குப்பைமேட்டு வாடை. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த வடசென்னைக்காரருக்கு ஐப்பசி, கார்த்திகை வந்தாலே வயிற்றைக் கலக்கும். இதற்கு நடுவில் ஒருவர் வயல்காட்டையும் வேப்பமரத்து நிழலையும் நினைத்து ஏங்குவது பிழையில்லை. பெரம்பூர் பக்கத்து ரயில்வே வேலைக்கு வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களில் இந்த ஏக்கம் பரம்பரையாகவே வருகிறது. பணிமனை 1856-லிருந்து இருக்கிறது. வந்தவர்கள் ஊர் வீட்டையும் காணி நிலத்தையும் விடாமல், "ரிட்டயர் ஆனதும் போய்டுவேன்" என்று சொல்லிச் சொல்லியே சர்வீஸை ஓட்டினார்கள். உங்கள் வீட்டுக்காரரும் பல வருஷமாக மனசுக்குள் அந்த வீட்டைக் கட்டிக்கொண்டே இருந்திருப்பார். நீங்கள் "வேண்டாம்" என்றால், தான் உழைத்ததற்கெல்லாம் கிடைக்க வேண்டியதைப் பிடுங்குகிற மாதிரி அவருக்குத் தோன்றும். அந்தக் கோபத்தைப் புரிந்துகொண்டு பேச்சைத் தொடங்குங்கள்.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் பட்டது. பிள்ளைகள் சத்தம் தாங்க முடியவில்லை. டிவி மட்டும் தெருவுக்கே கேட்கிறது. இது இரண்டும் ஒரே மனிதரிடம் சேர்ந்து இருந்தால் முதலில் காதைப் பார்க்க வேண்டும்.

பணிமனையில் இரும்பு மேல் இரும்பு அடிக்கிற சத்தத்தில், கிரைண்டர் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்றவர்களுக்குக் காது மெதுவாகத் தேயும். முதலில் போவது கீச்சென்ற உச்ச ஸ்தாயி ஒலிகள், 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. பேச்சில் ச, த, க போன்ற எழுத்துகள் மங்கிவிடும். யாரோ பேசுகிறார்கள் என்று கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடாது. ஒருவர் எதிரில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் சமாளிப்பார்கள். பத்துப் பேர் கூடி, மிக்ஸி ஓடி, டிவியும் ஓடினால் ஒன்றும் புரியாது. இதில் இன்னொரு சங்கடம்: மெல்லிய சத்தம் கேட்காத அதே காதுக்கு, சத்தம் கொஞ்சம் கூடினதும் குத்துகிற மாதிரி இருக்கும். குழந்தை வீறிட்டால் அவருக்கு உண்மையாகவே வலிக்கிறது. நீங்கள் எல்லாரும் அவர் எரிந்து விழுகிறார் என்று நினைக்கிறீர்கள்.

போன பொங்கலை நினைத்துப் பாருங்கள். எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டாரா? ஏதாவது கேட்டால் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாரா? "ஆமா ஆமா" என்று பொதுவாகத் தலையாட்டினாரா? அப்படியென்றால் அவர் தப்பித்து ஓட நினைப்பது பெரம்பூரை மட்டும் அல்ல.

ரயில்வே ஓய்வூதியர்களுக்கான மருத்துவ அட்டை அவரிடம் இருக்கும். பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி உங்களுக்குக் கூப்பிடு தூரம். காது மூக்குத் தொண்டைப் பிரிவில் காட்டி, காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கிற ஆடியோகிராம் சோதனை எடுக்கச் சொல்லுங்கள். வலிக்காது, கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். காதுக்குள் எப்போதும் ரீங்காரம் கேட்கிறதா என்றும் அவரிடம் நீங்களே கேளுங்கள். அப்படி ஒன்று இருந்தால், அமைதியான இடத்தில்தான் அது அதிகமாகத் தெரியும். ஊரில் ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் தெரு அடங்கியதும் காது அடங்காமல் இருந்தால் அந்த ஏமாற்றம் பெரியது. அதனால் முதலில் காது, பிறகு ஊர். "உங்களுக்குக் காது கேட்கல" என்று பிள்ளைகள் முன்னால் சொல்லிவிடாதீர்கள். "எனக்குச் சர்க்கரை செக் பண்ணணும், நீங்களும் கூட வாங்க, அப்படியே காதையும் காட்டிட்டு வந்துடலாம்" என்று கூட்டிப் போங்கள்.

காது விஷயம் தெரிந்த பிறகு அவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவருக்கு வேண்டியது அமைதியா, அவருடைய ஊரா? இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அமைதிதான் வேண்டும் என்றால் வழி நிறைய இருக்கிறது. நம் பெரம்பூர் ஸ்டேஷனில் லோக்கல் ஏறினால் செவ்வாப்பேட்டை, திருவள்ளூர், கடம்பத்தூர் என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஸ்டேஷனை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் இன்னும் வயலும் தோப்பும் உண்டு. காலையில் கிளம்பினால் வேலையை முடித்துக்கொண்டு சாயங்காலத்துக்குள் பெரம்பூர் வந்து திரும்பிவிடலாம். வந்தவாசிக்கு ரயிலே கிடையாது. எல்லாவற்றுக்கும் பஸ், இல்லாவிட்டால் கார் வைத்திருக்கிறவர் தயவு. "இல்லை, எனக்கு என் அண்ணன் தம்பியோடு இருக்கணும்" என்று அவர் சொன்னால் அது வேறு. அதற்கு வருஷத்தில் பல தடவை போய்த் தங்கலாம். அதற்காகக் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போக வேண்டியதில்லை. அவர் மட்டும் மாசத்தில் பத்து நாள் ஊரில் இருந்துவிட்டு வரட்டுமே! புருஷன் அங்கே, பெண்டாட்டி இங்கே என்று ஊர் பேசும் என்று பயப்படுவீர்கள். பேசட்டும். ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு ஒரே கூரைக்குக் கீழே இருப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் திடமான எண்ணம்.

இரண்டு பேரும் தனியாக உட்காருகிற ஒரு மத்தியானத்தில் இதைச் செய்து பாருங்கள். ஆளுக்கொரு தாள். பண்டிகை இல்லாத, விருந்தாளி இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. ஊர் வீட்டில் காலை எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிற வரை, மணிக்கணக்குப்படி என்னென்ன செய்வீர்கள் என்று எழுத வேண்டும். அவர் தாளில் டீக்கடை, ஏரிக்கரை நடை, பேப்பர், தம்பி வீட்டுத் திண்ணை, மத்தியானத் தூக்கம் என்று வரும். உங்கள் தாளில் வாசல் தெளிப்பதில் தொடங்கித் தண்ணீர் பிடிப்பது, சமையல், பாத்திரம், வந்தவர்களுக்குக் காபி, மறுபடி சமையல் என்று வரும். பத்து மணிக்கு உங்களுக்கு எதிரே உட்கார்ந்து பேச யார் இருக்கிறார்கள் என்கிற இடம் காலியாக இருக்கும். தாளை மாற்றிக்கொண்டு படியுங்கள். எதிர்த்துப் பேசாமல் படிக்கச் சொல்லுங்கள். அவர் தாள் எழுதவே மறுத்தால்கூட நீங்கள் எழுதுங்கள். உங்களுக்கே தெளிவு வரும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருந்தது" என்று முடிவெடுப்பது ஏமாற்று வேலை. அவர் வேண்டுமென்று ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. தை மாசத்துக் கிராமம் அப்படி. பனி விலகாத காலை, அறுவடை முடிந்த கழனி, கையில் காசு, கோலம், கொம்புக்கு வர்ணம் அடித்த மாடு, வெளியூரிலிருந்து வந்த சொந்தம் என்று ஊரே களைகட்டி நிற்கும். மாட்டுப் பொங்கல் முடிந்து காணும் பொங்கலன்று சாயங்காலம் கார்கள் கிளம்பினதும், தெருவில் பாதி வீடுகளுக்குப் பூட்டுத் தொங்கும். அந்த ஊரைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். மே 4-லிருந்து 28 வரை அக்னி நட்சத்திரம். அதை ஒட்டி ஒரு முழு மாசம் போய் இருங்கள். மின்சாரம் போனால் எத்தனை மணி நேரம் போகிறது, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, மொட்டை வெயிலில் பஸ் நிற்கிற இடம்வரை உங்கள் முட்டி தாங்குமா எல்லாம் அப்போது தெரியும். பிறகு ஐப்பசி மழையில் ஒரு பதினைந்து நாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அங்கேயும் இலவசம்தான். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை நடை வருகிறது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான் கேள்வி.

வைத்தியத்தைப் பற்றிப் பொதுவாக இரண்டு பக்கமும் மிகைப்படுத்துவார்கள். கிராமத்தில் ஒன்றுமே இல்லை என்பதும் தப்பு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 108 வண்டியும் வரும். உங்கள் அன்றாடச் சர்க்கரைக்கு அது போதும். நெருக்கடிதான் வேறு கணக்கு. பக்கவாதம் வந்தால் இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை அறிகுறி தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கும் முன்னால் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். பெரம்பூரில் இருந்தால் ரயில்வே ஆஸ்பத்திரி பக்கத்திலேயே, ஸ்டான்லியும் அதிக தூரமில்லை. ஊரிலிருந்து சி.டி. ஸ்கேனும் அந்த ஊசியும் இருக்கிற ஆஸ்பத்திரி எது, ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று அவரே விசாரித்துச் சொல்லட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடிக்கு மருந்து இருக்கிறதா என்றும் கேட்கட்டும். நீங்கள் கேட்டால் சாக்குச் சொல்வது போல் இருக்கும். அவரே போய் விசாரித்தால், விடை எப்படி வந்தாலும் அது அவர் கண்டுபிடித்ததாக இருக்கும்.

பணத்துக்கு வருகிறேன். இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன், மன்னிக்க வேண்டும். லீசுக்கு விடுகிற யோசனையை இப்போது தொடவே தொடாதீர்கள். மாச வாடகைக்கு விட்டால் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் நோட்டீஸ் கொடுத்து வீட்டைத் திரும்பக் கேட்கலாம். லீஸ் என்றால் லட்சக்கணக்கில் மொத்தமாக ஒரு தொகையை வாங்கிவிடுகிறீர்கள். அந்தப் பணம் ஊர் வீட்டில் சிமெண்டாகவும் கம்பியாகவும் போய்விடும். ஒரு வருஷத்தில் உங்களால் அங்கே இருக்க முடியவில்லை என்று திரும்பினால், அந்த முழுத் தொகையையும் கையில் வைத்தால்தான் குடியிருப்பவர் காலி செய்வார். கடன் வாங்கித் தன் சொந்த வீட்டுக்குள் நுழைந்த பெரியவர்கள் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். ஊர் வீட்டில் இப்போதைக்கு ஒரே ஒரு செலவு செய்யலாம்: உட்கார்ந்து எழக்கூடிய வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி, ராத்திரியில் அங்கே போகிற வழிக்கு விளக்கு. உங்கள் முட்டிக்கு இது இல்லாமல் பொங்கலுக்கு மூன்று நாள்கூட அங்கே தங்க முடியாது. பெரம்பூர் வீட்டைப் பூட்டிவிட்டுப் போங்கள், சாவி உங்கள் கையில் இருக்கட்டும். பிற்பாடு வாடகைக்குத்தான் விடுவது என்று முடிவானால், 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மகன் கெட்ட எண்ணத்தில் கேட்கிறான் என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலும் பிள்ளைகள் வேலை சுலபமாக முடியட்டும் என்றுதான் கேட்கிறார்கள். ஆனாலும் உயிரோடு இருக்கும்போது இருக்கிற ஒரே வீட்டை எழுதிக் கொடுப்பதற்கு நான் ஒருபோதும் யாருக்கும் யோசனை சொன்னதில்லை. உயில் எழுதி வைக்கலாம்; அதை நினைத்தால் மாற்றலாம். தானப் பத்திரமோ செட்டில்மெண்டோ போட்டுவிட்டால் மாற்றுவது மிகவும் கஷ்டம். 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. எழுதி வாங்கியவர் பார்த்துக்கொள்ளவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். ஆனால் "பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால்தான் கை பலமாக இருக்கும். வீடு இருவர் பேரிலும் இருப்பதால் உங்கள் கையெழுத்து இல்லாமல் முழு வீட்டையும் யாரும் கைமாற்ற முடியாது. மகனிடம், "இப்போதைக்கு அந்தப் பேச்சு வேண்டாம்பா, எங்க காலத்துக்கு அப்புறம் உங்க ரெண்டு பேருக்கும்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள். "ரெண்டு பேருக்கும்" என்பதை மகள் காதிலும் போடுங்கள்.

சரி, பொங்கல் எங்கே? மகள் டிக்கெட் போட்டுவிட்டாள் என்கிறீர்கள். ரயில்வேயில் முன்பதிவு அறுபது நாளைக்கு முன்னால் திறக்கிறது. பொங்கல் டிக்கெட் திறந்த சில நிமிஷத்தில் காலி. அந்த டிக்கெட்டை வீணாக்க வேண்டாம். போகியும் பொங்கலும் பெரம்பூரில். மாட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போகலாம். அதற்குள் ஊருக்குப் போகிற முதல் கூட்டம் போய்ச் சேர்ந்திருக்கும். பொங்கலுக்கு முந்தின ராத்திரி கிளாம்பாக்கத்திலும் பரனூர் டோல்கேட்டிலும் பேரப்பிள்ளைகளோடு நின்று அவதிப்பட வேண்டாம். ஊரில் ஒரு ராத்திரி, பங்காளிகளோடு விருந்து, காணும் பொங்கலன்று காலையிலேயே கிளம்பித் திரும்புவது. அவருக்கும் குறையில்லை, மகளுக்கும் அலைச்சலில்லை. அங்கே சமையலை நீங்கள் ஒருவராகத் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். யார் அரிசி களைவது, யார் காய் நறுக்குவது, யார் பாத்திரம் என்று மகளிடமும் மருமகளிடமும் மகனிடமும் முன்கூட்டியே போனில் பேசிப் பிரித்துவிடுங்கள். மகனையும் விடாதீர்கள். பெரம்பூர் வீட்டில் பொங்கலன்று டிவியை அணைத்துவிட்டு அவரைச் சுவர் ஓரமாக, எல்லார் முகமும் தெரிகிற இடத்தில் உட்கார வையுங்கள். பேரப்பிள்ளைகள் அவர் முன்னால் வந்து நின்று பேசட்டும், பின்னாலிருந்து கத்த வேண்டாம். வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

பங்காளிகள் முன்னால் அவர் அந்த அறிவிப்பைச் செய்யாமல் பார்த்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தனியாகச் சொன்னதை ஒரு மனிதர் மாற்றிக்கொள்வார். அண்ணன் தம்பிகள் நடுவில், ஊர்ப் பெரியவர்கள் காது கேட்கச் சொன்னதை மாற்றமாட்டார். மானப் பிரச்சினையாகிவிடும். பிறகு நீங்கள் எது சொன்னாலும் அவரைத் தலைகுனிய வைத்தவள் ஆவீர்கள். அதனால் இந்த வாரமே, அவர் சாப்பிட்டு முடித்து, டிவி போடுவதற்கு முன்னால், எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்து, நிதானமாகச் சொல்லுங்கள்: "உங்க ஆசை எனக்குப் புரியுது. நான் வரமாட்டேன்னு சொல்லல. சித்திரையில ஒரு மாசம் ரெண்டு பேரும் போய் இருப்போம். மழையில ஒரு தடவை போவோம். வீட்டைப் பூட்டிட்டுப் போவோம். அதுக்கப்புறம் ரெண்டு பேருமா முடிவு பண்ணுவோம். அதுவரைக்கும் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேணாம்." இதற்கு அவர் கோபப்பட்டால் பதிலுக்குப் பதில் பேசாமல் எழுந்துவிடுங்கள். மறுநாள் அதையே திரும்பச் சொல்லுங்கள். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகும் நகரவில்லை என்றால் மகளை உட்கார வைத்துப் பேசுங்கள், அல்லது இரண்டு பேருமாக ஓர் ஆலோசகரிடம் வாருங்கள். சட்டமோ மனசோ, எதற்கு வழி கேட்பது என்று தெரியாவிட்டால் மூத்த குடிமக்களுக்கான 14567 எண்ணுக்கு இலவசமாகக் கூப்பிடலாம்.

இன்னொரு ஆளை நீங்கள் கடிதத்தில் சொல்லவே இல்லை. ஊரிலேயே இருக்கிற உங்கள் ஓரகத்தி. அவருக்குப் போன் போட்டு, புருஷன் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். அவருக்கு முட்டி வலித்தால் எங்கே காட்டுகிறார், யார் கூட்டிப் போகிறார்கள், போன மழையில் என்ன செய்தார், மத்தியானத்தில் யாரோடு பேசுவார், நீங்கள் வந்தால் அவருக்குச் சந்தோஷமா என்று கேளுங்கள். அந்த ஊரில் ஒரு பெண் எப்படி வாழ்கிறாள் என்று உங்களுக்குச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவர் "வந்துடு, நான் இருக்கேன்" என்று மனசாரச் சொன்னால் சித்திரைக்குப் பெட்டி கட்டும்போது உங்களுக்கும் கொஞ்சம் தெம்பு இருக்கும்.